நீங்கள் எடுத்து வைத்த கடிதங்கள்

அன்புள்ள அகஸ்டா அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் கண்மூடி ஏறக்குறைய 150 வருடம் ஆகிறது. முன்பின் தெரியாத ஒருத்தி, உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கடிதத்தின் அருமை தெரிந்தவர் நீங்கள். யாருக்கு என்றைக்கு எழுதினோம், யாரிடமிருந்து என்றைக்கு வந்தது என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டுக் குறித்து வைத்தவர். அந்த நோட்டில் என் பெயரும் ஒரு வரியில் ஏறட்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் ஹெர்மன் மெல்வில்லுக்கு உலகம் முழுக்க வாசகர்கள் இருக்கிறார்கள். நானும் 'மோபி டிக்' வழியாகத்தான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். அந்த நாவலைப் படித்து முடித்தபோது, இதை எழுதிய மனிதன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், யாரோடு சாப்பிட்டான், வீட்டில் யார் இவனைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தேடிப் போனால் அவர் எழுதியதில் கிடைத்திருப்பவை முந்நூறு சொச்சம் கடிதங்கள்தான். எழுபத்திரண்டு வயது வரை வாழ்ந்த எழுத்தாளருக்கு இது கொஞ்சம். தனக்கு வந்த கடிதங்களையும் அவர் அழித்துவிட்டார். அவருடைய நண்பரும் நாவலாசிரியருமான நதானியேல் ஹாதோர்ன் 'மோபி டிக்'கைப் படித்துவிட்டு அவருக்கு எழுதிய கடிதம் இன்று உலகத்தில் இல்லை. அதற்கு அண்ணன் எழுதிய பதில் மட்டும் இருக்கிறது. பொல்லாத புத்தகம் ஒன்றை எழுதிவிட்டேன், ஆனால் ஆட்டுக்குட்டிபோல மாசில்லாமல் இருக்கிறேன் என்று சொல்கிற பதில். அந்த மனிதரை இப்படிப் பேச வைத்த கடிதத்தில் என்ன இருந்ததோ!

அண்ணன் அழித்தார். நீங்கள் எடுத்து வைத்தீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

1983-இல் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஒரு பழைய கொட்டகையில் மரப்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே உங்கள் காகிதங்கள். சுமார் 500 குடும்பக் கடிதங்கள். கூடவே அண்ணனின் முதல் புத்தகமான 'டைப்பீ'யின் ஆரம்பகால வரைவில் சுமார் 30 பக்கம், அவர் கைப்படவே, அடித்தலும் திருத்தலுமாக. நியூயார்க் பொது நூலகம் வாங்கிப் பத்திரப்படுத்தியது. நீங்கள் போய் நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டிகள் இருந்த இடம் அறிஞர் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்கள் அம்மா எழுதியது. 1851 மார்ச். பிட்ஸ்ஃபீல்டில் ஆரோஹெட் பண்ணைக்கு நீங்கள் எல்லோரும் குடிவந்து ஆறு மாதம் போல ஆகியிருக்கும். அம்மா ஊருக்குக் கிளம்புகிறார். அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் விடுகிறார். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பெற்ற தாயையும் பெட்டிகளையும் தடால் என்று இறக்கிவிட்டு, உயிரே போய்விடும்போல வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்த கையோடு அம்மா உங்களுக்கு எழுதுகிறார்: ஹெர்மன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பான் என்று நம்புகிறேன், இவனைவிட மரியாதை தெரியாத ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

அம்மாவின் கோபம் நியாயம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனாலும் படிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்த மார்ச் மாதத்தில் வீட்டு மாடியில், கிரேலாக் மலையைப் பார்த்த மேசையில், திமிங்கிலம், அதுதான் 'மோபி டிக்', பாதி எழுதியபடி கிடந்தது. அவர் ஓடியது அதனிடம். சாயங்காலம் நாலு ஐந்து மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்து எழுதுவார் என்று உங்கள் அண்ணி லிஸி பின்னாளில் குறித்து வைத்திருக்கிறார். இலக்கிய வரலாறுகளில் 'அவர் தீவிரமாக எழுதிக்கொண்டிருந்தார்' என்று ஒரு வரி வரும். அந்தத் தீவிரம் எப்படி இருந்தது என்பதை ரயிலடியில் பெட்டிகளோடு நின்ற ஒரு தாயின் ஆத்திரத்தில்தான் நான் கண்ணால் பார்த்தேன். அந்தக் கடிதத்தை நீங்கள் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டிருக்கலாம். வீட்டுச் சண்டைதானே!

அந்த வீட்டில் பெண்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அண்ணனுக்குக் கண் சரியில்லை, கையெழுத்தோ அவருக்கே புரியாத கிறுக்கல். அச்சகத்துக்குப் போக வேண்டுமானால் யாராவது படி எடுத்தாக வேண்டும். அண்ணி எடுத்தார், அக்கா ஹெலன் எடுத்தார், நீங்கள் எடுத்தீர்கள். 1848 மே மாதம் அண்ணி பாஸ்டனில் இருந்த தன் சின்னம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. படி எடுக்கிற வேலை நெருக்குகிறது, நீளமாக எழுத நேரமில்லை என்கிறார். படி எடுக்கும் தாள் என்று நினைத்து இந்தக் கடிதத் தாளையே இரண்டாகக் கிழித்துவிட்டேன் என்கிறார். கடைசியில், கமாவும் முற்றுப்புள்ளியும் இல்லையென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், படி எடுக்கும்போது அதையெல்லாம் ஹெர்மன் பிறகு போடட்டும் என்று விட்டுவிடுவதால் எனக்கு அவை இல்லாமல் எழுதியே பழகிவிட்டது என்கிறார்.

கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி. செல்லமாக வளர்ந்த பெண், தன் சொந்தக் கடிதத்தில் முற்றுப்புள்ளி வைக்க மறக்கிற அளவுக்கு இன்னொருவரின் வாக்கியங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

அதே அண்ணன் 1850 டிசம்பரில் நியூயார்க் நண்பர் டைக்கிங்குக்கு எழுதுகிறார்: வேகமாக எழுதத் தெரிந்த ஐம்பது இளைஞர்களை அனுப்பி வைக்க முடியுமா, மண்டைக்குள் அத்தனை புத்தகம் இருக்கிறது என்று. அருமையான கடிதம் அது. காலையில் எழுந்து குதிரைக்குத் தீனி வைப்பது, பசுவுக்குப் பூசணிக்காய் நறுக்கிப் போட்டுவிட்டு அது அசைபோடுவதை நின்று பார்ப்பது, வெளியே பனி மூடிக் கிடக்கும்போது ஜன்னல் கப்பலின் துளை மாதிரி இருப்பது, எல்லாம் அதில் வருகிறது. ஆனால் ஐம்பது பேரைக் கேட்கிறாரே, அடுத்த அறையில் விரல் மை காயாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று பேரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அவர்மேல் கோபம் வந்த இடங்களில் இதுவும் ஒன்று.

உங்கள் பெரியண்ணன் கான்செவூர்ட் விஷயத்தை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா 1832-இல் கடனோடு போய்ச் சேர்ந்தபோது உங்களுக்குப் பத்து வயது, அண்ணன் ஹெர்மனுக்குப் பன்னிரண்டு. குடும்பப் பாரம் விழுந்தது கான்செவூர்ட் தலையில். பிறகு லண்டனில் அமெரிக்கத் தூதரகச் செயலராகப் போனவர் தம்பியின் கையெழுத்துப் பிரதியையும் கையில் கொண்டுபோய், ஜான் மர்ரி பதிப்பகத்தில் ஒப்புக்கொள்ள வைத்தார். 'டைப்பீ' 1846-இல் வெளிவந்தது. அந்த ஏப்ரலில் தம்பிக்கு அவர் எழுதிய கடிதத்தில், நான் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டிருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது என்று வருகிறது. தம்பி மே 29 அன்று லான்சிங்பர்க்கிலிருந்து பதில் எழுதுகிறார். இன்னும் மூன்று வாரத்தில் லண்டனைச் சுற்றியுள்ள அழகான கிராமம் ஒன்றில் நீ இந்தக் கடிதத்தைப் பிரிப்பதுபோல எனக்குத் தெரிகிறது என்று தொடங்குகிற கடிதம்.

கான்செவூர்ட் மே 12 அன்றே இறந்துவிட்டார். வயது முப்பது.

வேகமான நீராவிக் கப்பலுக்கும் அட்லாண்டிக்கைக் கடக்க இரண்டு வாரம் ஆன காலம். உயிரோடு இல்லாதவருக்கு உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுகிறவன் மேசைக்குப் பக்கத்தில்தான் நீங்களெல்லாம் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த மாதம் முழுக்க உங்கள் வீட்டில் பெரியண்ணன் உயிரோடுதான் இருந்தார். இப்போது நாங்கள் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பார்த்தாரா இல்லையா என்று அரை நிமிடம்கூடப் பொறுக்க மாட்டோம். தபால் என்றால் இத்தனை நாள் நம்பிக்கை என்பதை இந்த இரண்டு தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

நீங்கள் எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1849 ஜனவரியில் அண்ணிக்கு எழுதிய கடிதம். குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அத்தையாகிய நீங்கள் பெயர் தேடிக் குடும்ப வம்சாவளியையே அலசிவிட்டீர்கள். மால்கம் மெல்வில்! என் பேனாவிலிருந்து எவ்வளவு எளிதாக ஓடுகிறது, காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று உருகியிருக்கிறீர்கள். பிள்ளை பிப்ரவரி 16 அன்று பிறந்தது. நீங்கள் சொன்ன பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த மால்கமுக்குப் பதினோரு வயதாகும்போது, 1860 செப்டம்பரில், அவன் அப்பா பசிபிக் கடலிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். உங்கள் தம்பி டாம் தலைவராக இருந்த மீட்டியோர் கப்பலில் கேப் ஹார்ன் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாய்மரத்தின் மேலிருந்து ஓர் இளம் மாலுமி தலைகீழாகத் தளத்தில் விழுந்து அந்த இடத்திலேயே இறந்ததை மகனுக்கு அப்படியே விவரிக்கிறார். பிறகு, அம்மா சொல் கேட்டு நடந்தாயா, அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தாயா, நீ மரியாதைக்குரிய நல்ல பையனா உதவாக்கரையா என்று காட்ட இதுதான் நேரம் என்கிறார். மறுநாள் ஏழு வயது பெஸ்ஸிக்கு எழுதியது வேறு மாதிரி. குழந்தை தானே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்று அச்செழுத்துப்போல ஒவ்வோர் எழுத்தாக எழுதத் தொடங்கி, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் அப்படி எழுத வரவில்லை, நடுநடுவே சாதாரணக் கையெழுத்திலும் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறார். சரஞ்சரமாக வாக்கியங்களைக் கொட்டிய கை, மகளுக்காக ஒவ்வோர் எழுத்தாய் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறது.

ஏழு வருடம் கழித்து, 1867 செப்டம்பரில், மால்கம் நியூயார்க் வீட்டில் தன் அறையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்து கிடந்தான். பதினெட்டு வயது. அப்போது அண்ணன் உங்கள் தங்கை கேட்டின் கணவர் ஹோட்லிக்கு எழுதியதில், அவன் படுத்திருந்த நிலையில் ஒரு மென்மையான சுபாவத்தின் அமைதி இருந்தது, வாழ்நாளில் ஒரு தடவைகூட மேக்கி என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை என்கிறார். கப்பலிலிருந்து வந்த கடிதத்தையும் இதையும் அடுத்தடுத்துப் படித்தேன். அதற்குமேல் அன்று எதுவும் படிக்க முடியவில்லை. அந்தப் பெயரைப் பேனாவில் ஓடவிட்டு ரசித்த நீங்கள் எப்படித் தாங்கினீர்களோ.

இனி, எதற்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேனோ அதற்கு வருகிறேன். அண்ணன் எழுதி, அச்சேறாமல் போன ஒரு புத்தகம்.

1852 கோடையில் அண்ணன் மாமனாரோடு நான்டக்கெட் தீவுப் பக்கம் போனார். ஒரு வழக்கறிஞர் அவருக்கு அகதா என்ற பெண்ணின் கதையைச் சொன்னார். கடலோரத்தில் வாழ்ந்த பெண். கப்பல் உடைந்து கரையேறிய மாலுமியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அவன் போய்விடுகிறான். பதினேழு வருடம் அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இந்தக் கதை உங்களுக்குத்தான் பொருந்தும், நீங்கள் எழுதுங்கள் என்று ஆகஸ்ட் மாதம் ஹாதோர்னுக்கு அண்ணன் நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு தபால்பெட்டி வருகிறது. பாதை பிரியும் இடத்தில் ஒரு கம்பம், அதன்மேல் சின்னப் பெட்டி. அகதா தினமும் அங்கே போய்ப் பார்க்கிறாள். வருடங்கள் போகின்றன. அவள் நம்பிக்கை இற்றுப்போக, கம்பமும் இற்றுப்போகிறது. யாரும் அதிகம் தொடாததால் சுற்றிலும் புல் மண்டுகிறது. பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டுகிறது. கடைசியில் கம்பம் விழுகிறது.

ஹாதோர்ன் எழுதவில்லை. அண்ணனே எழுத உட்கார்ந்தார். 1853 வசந்தத்தில் ஒரு பிரதியை நியூயார்க்குக்கு எடுத்துப்போனார். அது அச்சாகவில்லை. அந்த நவம்பரில் ஹார்ப்பர் பதிப்பகத்துக்கு எழுதும்போது, அச்சிட முடியாதபடி தடுக்கப்பட்டேன் என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வெகுகாலத்துக்கு அறிஞர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புத்தகத்துக்குப் பெயர்கூட இல்லை.

பெயர் உங்கள் பெட்டியில் இருந்தது. உங்கள் பெரியப்பா மகள் பிரிஸில்லா 1853 மே 22 அன்று உங்களுக்கு எழுதுகிறார்: 'ஐல் ஆஃப் த கிராஸ்' எப்போது வெளிவரும்? கையில் கிடைக்கும் பத்திரிகை எல்லாவற்றிலும் அதைப் பற்றி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சிலுவையின் தீவு! பெஸ்ஸி பிறந்ததும் அதே மே 22-தான். ஜூன் 12 அன்று பிரிஸில்லா மறுபடி எழுதுகிறார். அந்தப் புத்தகமும் இந்தக் குழந்தையும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன, அதனால் கதாநாயகி என்று ஒருத்தி இருந்தால் அவள் பெயரையே குழந்தைக்கு வைக்கலாம் என்று. எத்தனை ஆசையான யோசனை.

இந்த இரண்டு கடிதங்களும் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் பெயரில்லாமலே போயிருக்கும். ஆய்வாளர்கள் இன்றைக்கு அது அகதாவின் கதையாகவே இருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். ஒரு பெரியப்பா மகளின் ஆர்வத்தை, குழந்தை பிறந்த வீட்டு அமளியில், யாரோ மடித்து எடுத்து வைத்திருக்கிறார். அந்த யாரோ நீங்கள்.

உங்கள் கடைசி மாதங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் அதைக் கடந்து போக முடியவில்லை. அண்ணன் அப்போது சுங்கத்துறையில் நாளைக்கு நாலு டாலருக்கு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் 'க்ளேரல்' என்ற மாபெரும் கவிதையை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். அச்சுச் செலவுக்கு உங்கள் தாய்மாமா பீட்டர் 1,200 டாலர் கொடுத்துவிட்டு 1876 ஜனவரியில் காலமாகிவிட்டார். பிப்ரவரி 2 அன்று மாமா மகள் கேட்டுக்கு அண்ணி ஒரு கடிதம் எழுதினார். ஹெர்மன் நரம்புத் தளர்ச்சியில் இருக்கிறார், யாரையும் வீட்டுக்குக் கூப்பிடப் பயமாக இருக்கிறது, இந்தப் புத்தகம் எங்கள் சந்தோஷத்தையே அரித்துவிட்டது என்கிறார். கூடவே, அவருடைய சொந்தச் சகோதரிகளைக்கூட வைத்துக்கொள்ள முடியவில்லை, அகஸ்டா ஆல்பனியிலிருந்து புறப்படும் முன்பே வர வேண்டாம் என்று எழுதிவிட வேண்டியதாயிற்று என்கிறார்.

அண்ணன் புத்தகங்களுக்கு விரல் நோகப் படி எடுத்த உங்களை, இன்னொரு புத்தகத்துக்காக வாசலோடு நிறுத்தினார்கள். ஏப்ரல் 4 அன்று ஸ்டேட்டன் தீவில் தம்பி டாம் வீட்டில் நீங்கள் இறந்தீர்கள். 'க்ளேரல்' ஜூன் 3 அன்று வெளிவந்தது. அண்ணியையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் நாள்முழுக்க இருந்தவர் அவர். முற்றுப்புள்ளி வைக்க மறந்த பெண்ணின் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்துப் படித்தால், நடுவில் போன இருபத்தெட்டு வருடம் தெரிகிறது.

பிரிஸில்லாவின் ஜூன் மாதக் கடிதத்துக்கு நீங்கள் கட்டாயம் பதில் போட்டிருப்பீர்கள். பதில் போடாமல் விடுகிற சுபாவம் உங்களுக்கு இல்லை. ஆனால் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் உங்களுக்கு வந்தவை. நீங்கள் எழுதி அனுப்பியது அவர் கைக்குப் போய்விட்டது. குழந்தைக்குக் கடைசியில் அண்ணியின் பெயரையே, எலிசபெத் என்று வைத்தார்கள்; லிஸி, பெஸ்ஸி இரண்டும் அதன் செல்லச் சுருக்கங்கள்தான். கதாநாயகி என்று ஒருத்தி இருந்தால் என்று கேட்டிருந்தாரே, அவளுக்கு அண்ணன் என்ன பெயர் வைத்திருந்தார்? அகதா என்றேதானா? கம்பமும் பெட்டியும் குருவியும் அந்தப் பிரதியில் இருந்தனவா? நீங்கள் படித்தீர்கள்தானே, அம்மா?

மிகுந்த அன்புடன்,
உங்கள் வாசகி